தேன்மெழுகா, தீக்குச்சி மெழுகா?

எங்கள் விம்கோ நகருக்குப் பெயர் தந்தது தீப்பெட்டித் தொழிற்சாலை. தீக்குச்சியை மருந்தில் முக்கும் முன் பாரபின் மெழுகில் முக்குவார்கள். தீ மருந்திலிருந்து மரத்துக்குப் பிடிக்க அது வேண்டும். பாரபின் பெட்ரோலியத்திலிருந்து வருவது. அது கலந்ததைத்தான் தேன்மெழுகு என்று நம்பி, போன வருஷம் இரண்டு கிலோ வாங்கி ஏமாந்தேன். வங்கியில் இருந்தவரை நகையை உரசிப் பார்க்காமல் ஒரு ரூபாய் கடன் கொடுத்ததில்லை!

அதனால் உரசும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டியை நகத்தால் சுரண்டுங்கள். நல்ல மெழுகு சுருளாக வரும். பாரபின் கலந்தது பொடியாக உதிரும். சுரண்டியதை உள்ளங்கைச் சூட்டில் பிசைந்தால் நல்லது களிமண் போல ஒன்றுசேரும், லேசாகத் தேன் மணக்கும்.

கலப்படம் ஏன் என்றால், சரக்கு குறைவு. வேலைக்காரத் தேனீ வயிற்றடிச் சுரப்பிகளிலிருந்து செதில் செதிலாக விடுவதுதான் மெழுகு. ஒரு கிலோ சுரக்க ஆறு கிலோ தேனுக்கு மேல் செலவாகும் என்பது பொதுவான கணக்கு. மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. 1920-களில் பரப்பிய பெட்டி முறையில் அடையைப் பிழிவதில்லை; சுழற்றித் தேன் எடுத்துவிட்டு அடையைத் தேனீக்கே திருப்பிக் கொடுக்கிறோம். நமக்குக் கிடைப்பது மூடிச் சீவலும் கறுத்த பழைய அடையும்தான்.

அதைத் துணியில் கட்டி, மழைநீரில் போட்டு, மெதுவாகச் சூடாக்குங்கள். 62 முதல் 64 டிகிரியில் உருகி மேலே மிதக்கும். ஆறினால் வட்டாக எடுக்கலாம். இரும்புச் சட்டி வேண்டாம், மெழுகு கறுக்கும்.

மெழுகு தோலுக்குள் இறங்குவதில்லை. மேலே மெல்லிய படலமாக நின்று ஈரம் போகாமல் காக்கும். பித்தவெடிப்புக்கு 20 கிராம் மெழுகு, 80 கிராம் செக்கு நல்லெண்ணெய். கொதிநீரில் வைத்த சின்னப் பாத்திரத்தில் உருக்கி டப்பாவில் ஊற்றினால் போதும். சித்திரை வெயிலில் இளகினால் மெழுகைக் கொஞ்சம் கூட்டுங்கள். வீட்டம்மா ஆசைப்பட்டாளே என்று ஒருமுறை கற்றாழைச் சோறும் சேர்த்தேன். பத்தே நாளில் பூஞ்சணம். தண்ணீர்ப் பசை சேராதவரை பூஞ்சணத்துக்கு வேலையில்லை. முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒருநாள் பாருங்கள், சிலருக்கு அரிக்கும். ஆழமான வெடிப்பில், புண்ணில் தடவாதீர்கள்.

வீட்டுக்குச் செய்ய யாரையும் கேட்க வேண்டாம். விற்கிறதென்றால் 2020 அழகுசாதனப் பொருள் விதிகளின்படி தயாரிப்பு உரிமம் வாங்க வேண்டும். சந்தையில் டப்பா வைக்கும் நம் நண்பர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.