இருதய ஓசையும் இரசாயன ஆராய்ச்சியும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் களியக்காவிளையைத் தாண்டியதும் கேரள எல்லை தொடங்குகிறது. முதலில் பாறசாலை; அதற்கு அப்பால் அமரவிளை, நெய்யாற்றின்கரை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. வெளிமாநிலத் தமிழர் என்றதும் ரயிலேறிச் சென்று மும்பையிலும் தில்லியிலும் குடியேறியவர்களையே நாம் நினைக்கிறோம். பிறந்த வீட்டைவிட்டு ஓர் அடியும் நகராமல் வெளிமாநிலத்தவராகிவிட்டோரும் உண்டு என்பதற்கு இவ்வெல்லை ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களே சான்று.

மாநிலம் இரண்டானாலும் மண் இரண்டாகவில்லை. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் அதே தென்னை, அதே மரச்சீனிக்கிழங்கு, அதே கடல் மீன். இந்த மண்ணுக்கும் இந்தக் கரையோரத்து ஏழைக் குழந்தைகளைத் தாக்கிய ஓர் இருதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று திருவனந்தபுரத்து விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சியின் கதையை இங்கே சொல்ல விரும்புகிறோம். அதற்கு முன் இருதயத்தின் ஓசையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

இருதயத்தில் மேலறைகள் இரண்டு, கீழறைகள் இரண்டு. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வால்வுகளும், கீழறைகளிலிருந்து இரத்தம் வெளியேறும் வாயில்களில் வேறு இரண்டு வால்வுகளும் இருக்கின்றன. முன்னவை மூடும்போது எழுவது முதல் ஓசை. பின்னவை மூடும்போது எழுவது இரண்டாம் ஓசை. 'லப்-டப்' என்று நாம் கேட்பது இவற்றையே. நன்றாகப் பொருந்தாத கதவின் இடுக்கில் காற்று சீறுவதைப் போல, பழுதுபட்ட வால்வின் வழியே இரத்தம் பாயும்போது இரைச்சல் ஒன்று கேட்கும். நடு வால்வு ஒழுகினால் இருதயம் சுருங்கும் வேளையில் இரைச்சல் எழும். அதே வால்வு குறுகிப்போனால் இருதயம் விரியும் வேளையில் எழும். இரைச்சலின் நேரத்தையும் இடத்தையும் கொண்டு எந்த வால்வில் என்ன பழுது என்று மருத்துவர் கூறிவிடலாம். பாரிஸ் நகரத்து லேனக் என்னும் மருத்துவர் 1816இல் ஒரு காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டாரே, அன்று பிறந்த கலை இது.

நம் நாட்டில் குழந்தைகளின் வால்வைக் கெடுக்கும் நோய்களில் மிகப் பரவலானது வாதக் காய்ச்சலால் வருவது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டை புண்ணாகிறது. சில வாரங்களில் மூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீங்கி வலிக்கின்றன. மூட்டு வலி ஆறிவிடுகிறது, ஆனால் வால்வில் விழுந்த வடு ஆறுவதில்லை. காய்ச்சல் மறுபடி வந்தால் வடு பெருகும். மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுவந்தால் இதைத் தடுக்கலாம். பிழைப்புக்காக ஊர் ஊராக மாறும் குடும்பங்களில் இந்த ஊசி விட்டுப்போவது எளிது. ஆகவே, பெட்டி கட்டும்போது குழந்தையின் மருத்துவச் சீட்டுகளையும் மறவாமல் எடுத்து வைப்பது நலம் என்பதை இடையே சொல்லி வைக்கிறோம்.

நாம் சொல்லவந்த நோய் வேறு. 1948இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் கம்பாலா நகரில் டேவிஸ் என்பவர் இதனை விவரித்தார். எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்பது இதன் பெயர். இருதய உள்ளுறைத் தழும்பு நோய் என்று தமிழில் கூறலாம். கீழறையின் உட்புறச் சவ்வு தோலைப்போல் தடித்து, வால்வின் இதழ்களைச் சுவரோடு பிணைத்துவிடுகிறது; இதழ்கள் மூட முடியாமல் வால்வு ஒழுகுகிறது. கேரளத்தின் கரையோர மாவட்டங்களில் இந்நோய் மிகுதி என்பது பிற்பாடு தெரியவந்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் வறுமையில் வாடும் சிறுவர், இளைஞர். முகம் ஊதி, கழுத்து நரம்புகள் புடைத்து, வயிறு நீர் கோத்துப் பானைபோல் பெருத்திருக்கும், கால்களோ மெலிந்திருக்கும்.

இங்கேதான் செவிக்குச் சோதனை. இடப்புறத்து நோயில் கேட்கும் ஒழுகல் இரைச்சல், வாதக் காய்ச்சலால் வரும் இரைச்சலையே பெரிதும் ஒத்திருக்கும். வலப்புறத்து நோயில் நிலைமை இன்னும் விபரீதம். ஒழுகல் முற்றிப்போய் மேலறையும் கீழறையும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்துக்கு வந்துவிட்டால் இரத்தம் சீறிப் பாய்வதில்லை, இரைச்சலும் அடங்கிவிடுகிறது. ஓசை குறைந்ததால் நோய் குறைந்தது என்று எண்ணினால் பெரும் பிழையாகும். முதலிரு ஓசைகளுக்குப் பின் வரும் மூன்றாம் ஓசை ஒன்றே அப்போது எச்சரிக்கை. கேளா ஒலி அலைகளால் இருதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ கருவி வந்த பின்னரே ஐயம் நன்கு நீங்கியது. அக்கருவியைக் கொண்டு மொசாம்பிக் நாட்டின் கிராமப்புறம் ஒன்றில் நடந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. அங்கே ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் தமக்கு நோய் இருப்பதை உணரவே இல்லை.

சரி, தழும்பு ஏன் விழுகிறது? ஸ்டெதஸ்கோப்பும் எக்கோவும் இக்கேள்விக்கு விடை தரா. பதில் தேட முன்வந்தது இரசாயனம்.

1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய இரசாயனர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அதைத் தேடி வந்த இடமே குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி. மோனசைட்டில் தோரியமும் சீரியமும் செறிந்துள்ளன. இத்தனிமங்கள் உணவின் வழியே உடலில் புகுந்து இருதயத்தைத் தாக்குகின்றனவோ என்ற ஐயம், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகத்தின் எம். எஸ். வலியத்தான், சி. சி. கர்த்தா முதலியோருக்கு எழுந்தது. பாபா அணு ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளும் அவர்களோடு சேர்ந்தார்கள்.

கடுகளவு திசுவில் கோடியில் சில பங்கே உள்ள பொருளை எப்படி அளப்பது? இதற்கு உதவும் முறைகளில் வியப்பானது நியூட்ரான் கிளர்வுப் பகுப்பு. மாதிரியை அணு உலைக்குள் வைத்தால் அதிலுள்ள அணுக்கள் நியூட்ரானை ஏற்றுக் கதிர் வீசத் தொடங்கும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் காமாக் கதிரை வீசும். தெருவில் கீரை விற்பவரையும் உப்பு விற்பவரையும் முகம் பாராமலே குரலால் அறிகிறோமல்லவா? அதுபோலவே கருவி இக்கதிர்களைப் பிரித்தறிகிறது. சீரியத்தின் கிளர்வுற்ற அணுக்கள் பாதியாகக் குறைய சுமார் 32 நாட்கள் ஆகும். ஆகவே, விரைவில் அடங்கும் தனிமங்களின் கூச்சல் ஓயும்வரை காத்திருந்து அதன் குரலைக் கேட்கலாம்.

மக்னீசியம் போன்றவற்றை அளக்க எளிய முறை ஒன்றுண்டு. அடுப்புத் தீயில் உப்பு சிந்தினால் சுடர் மஞ்சளாவதை யாவரும் கண்டிருப்போம். அது சோடியத்தின் நிறம். ஒரு தனிமம் எந்த ஒளியை வீசுமோ அதே ஒளியை விழுங்கவும் வல்லது. ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ் 1955இல் இவ்வுண்மையை அளவை முறையாக்கினார். கரைசலைச் சுடரில் தூவி, அதன் ஊடே மக்னீசிய விளக்கின் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி விழுங்கப்பட்டது என்று பார்ப்பதே அம்முறை.

திருவனந்தபுரத்து ஆய்வு 1989இல் வெளியாயிற்று. இந்நோயாளிகளின் இருதயத் திசுவில் தோரியமும் சீரியமும் மிகுந்தும் மக்னீசியம் குறைந்தும் இருந்தன என்பது அதன் சாரம். பின்னர் மக்னீசியம் குறைந்த உணவோடு சீரியமும் ஊட்டப்பட்ட எலிகளின் இருதயத்தில் தழும்பு வளர்வதும் காணப்பட்டது. மரச்சீனியையே பெரும்பாலும் உண்டு வாழும் ஏழைகளின் உணவில் சத்துக் குறைவு என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தபோது, காரணம் அகப்பட்டுவிட்டது போலவே தோன்றியது.

ஆயினும் நம் கருத்தில் இங்கே ஓர் இடறல் இருக்கிறது. மக்னீசியம் பெரும்பாலும் உயிருள்ள செல்லுக்குள் இருப்பது. தழும்பில் செல்கள் குறைவு. எனவே தழும்பு விழுந்தபின் மக்னீசியம் குறைவதும் இயல்பே. குறைவினால் தழும்பு வந்ததா, தழும்பினால் குறைவு வந்ததா? அளவு எவ்வளவு நுட்பமாயினும் முன்பின் எது என்பதை அது ஒன்றே சொல்லாது. மேலும், அதே மணலில் நடந்து அதே கிழங்கை உண்ட ஆயிரக்கணக்கானோருக்கு நோய் வரவில்லை. குடற்புழுக்களையும் இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்களின் மிகுதியையும் காரணமாகக் காட்டியவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

காரணம் தெரியாவிட்டாலும் சிகிச்சை நின்றுவிடவில்லை. தழும்புச் சவ்வை உரித்தெடுத்து வால்வை மாற்றும் அறுவை உண்டு, ஆபத்து நிறைந்ததுதான். 1990 டிசம்பர் 6ஆம் நாள் அதே கழகம் உருவாக்கிய சித்திரை வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோக வளையத்துள் வழவழப்பான பிளாஸ்டிக் தகடு சாய்ந்து திறந்து மூடும் அமைப்பு அது. இத்தகைய வால்வு உடையவரின் மார்பில் 'டிக்' என்ற தெளிந்த ஓசை கேட்கும். அது மழுங்கினால் வால்வில் இரத்தம் உறைந்திருக்கக் கூடும். உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். இரத்தம் உறைய எத்தனை நேரமாகிறது என்பதைக் காலந்தோறும் சோதித்து மருந்தின் அளவைத் திருத்திக்கொள்வதும் இன்றியமையாதது.

இதற்கிடையே கேரளத்தில் நோயே மங்கத் தொடங்கியது. புதிய நோயாளிகள் அரிதாகிவிட்டனர். 2012இல் மருத்துவ ஏடொன்று இதனை மறைந்துவரும் நோய் என்றே எழுதியது. கரையோரத்து மணலில் மோனசைட் இன்னும் இருக்கிறது. மாறியவை உணவும் வருவாயும் சுகாதாரமும். இவற்றுள் எது நோயை விரட்டியது என்று பிரித்துச் சொல்வதற்குள் நோயாளிகளே அருகிப்போனார்கள்.