பென்ஹர்ஸ்ட்: கதவைத் திறந்தால் மட்டும் போதாது

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங் சிட்டி என்ற ஊருக்கு அருகே 1908-ல் பென்ஹர்ஸ்ட் அரசு விடுதி திறக்கப்பட்டது. அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை ஊரார் கண்ணில் படாமல் ஒதுக்கி வைப்பது அன்றைய வழக்கம். குழந்தையை விடுதியில் விட்டுவிடுங்கள் என்று பெற்றோரிடம் சொன்ன டாக்டர்களும் ஏராளம். 1968-ல் பில் பால்டினி என்ற செய்தியாளர் பிலடெல்பியா தொலைக்காட்சியில் விடுதியின் உட்புறத்தைத் தொடராகக் காட்டினார். 1974-ல் விடுதியின் மீது வழக்குப் போடப்பட்டது. 1977-ல் நீதிபதி ரேமண்ட் பிராடெரிக் தந்த தீர்ப்பில் உள்ள ஒரு தகவலே அந்த இடத்தின் நிலையைச் சொல்லிவிடும்: 1976 ஆகஸ்டில் அங்கிருந்த ஒருவர் 720 மணி நேரம் கட்டி வைக்கப்பட்டிருந்தார். அந்த மாதத்துக்கு மொத்தமே 744 மணி நேரம்தான். விடுதியில் இருந்தவர்களை ஊருக்குள் வீடுகளில் குடியமர்த்தி, வேண்டிய துணையைத் தர வேண்டும் என்றார் நீதிபதி. அந்த ஆணைக்குக் காட்டப்பட்ட சட்ட அடிப்படைகளை உச்ச நீதிமன்றம் இருமுறை ஏற்க மறுத்தது. ஆனாலும் 1985-ல் சமரசம் ஏற்பட்டு, 1987-ல் விடுதி மூடப்பட்டது.

விடுதியை மூடுவதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் பெற்றோரே பலர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தாங்கள் போன பிறகு பிள்ளைக்கு யார் என்ற பயம் நியாயமானது; விடுதி எப்படியிருந்தாலும் நிரந்தரம் என்று நம்பினார்கள். அந்தப் பயத்துக்குப் பதில் சொன்னது ஒரு நீண்ட ஆய்வு. ஜேம்ஸ் கான்ராயும் வலேரி பிராட்லியும் 1985-ல் அறிக்கையாக வெளியிட்ட அந்த ஆய்வு, பென்ஹர்ஸ்டில் இருந்த 1,154 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. வெளியே வந்தவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்வதில் முன்னேறியிருந்தார்கள். கடுமையான குறைபாடு உள்ளவர்களும் இதில் அடக்கம். எதிர்த்த குடும்பங்களில் பெரும்பாலானவை பின்னர் மனம் மாறின. செலவும் விடுதியைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனால் வெளியில் வேலை செய்த உதவியாளர்களின் சம்பளம் குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். பாராட்டும்போது இதை மறைக்கக் கூடாது.

இன்னொரு வாதம் உண்டு. அதே அமெரிக்காவில் மனநல மருத்துவமனைகளைக் காலி செய்தபோது பலர் நடுத்தெருவுக்கு வந்தார்களே என்று கேட்பார்கள். வந்தார்கள்தான். 1963-ல் சட்டம் போட்டு உறுதியளித்த சமுதாய மனநல மையங்களில் பல கட்டப்படவேயில்லை; நோயாளி வெளியே போனார், பணம் அவருடன் போகவில்லை. பென்ஹர்ஸ்டில் நடந்தது வேறு. ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம், அவருடைய தேவைகளைக் கவனிக்கப் பொறுப்பான ஒரு ஆள், வீட்டுக்கே வந்து பார்க்கும் கண்காணிப்பு ஆகியவை நீதிமன்ற ஆணையோடு வந்தன. அதுவரை பெரும்பாலும் நிறுவனங்களுக்கே போய்க்கொண்டிருந்த மெடிக்கெய்டு என்ற அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் நிதியை வீட்டு உதவிக்கும் செலவிட 1981-ல் மத்திய அரசு வழி திறந்தது. கட்டடத்துக்குப் போன பணம் ஆளைத் தேடி வந்ததுதான் உண்மையான மாற்றம் என்பது என் முடிவு. அக்கம்பக்கத்தாரின் இரக்கம் வேண்டும்; ஆனால் தினமும் ஒருவருக்குச் சோறூட்டிக் குளிப்பாட்டும் வேலையை இரக்கத்தை மட்டும் நம்பி விட முடியாது.

அந்த மாற்றம் இன்னும் முழுமையாகவில்லை. பென்சில்வேனியாவிலேயே ஆயிரக்கணக்கானோர் இந்த உதவிக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இன்றைக்கும் ஒரே துணை, வயதாகிக்கொண்டே போகும் பெற்றோர்தான்.