பெட்ரோலில் கலந்த கரும்பு

இன்று நாட்டின் பெரும்பாலான பெட்ரோல் நிலையங்களில் நாம் வாங்கும் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்திருக்கிறது. கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றைப் புளிக்கவைத்து வடித்தெடுக்கும் சாராயமே அது. 2003-இல் 5 விழுக்காட்டுக் கலப்பை நோக்கிச் சில மாநிலங்களில் தொடங்கிய திட்டம், பத்தாண்டுகள் கழித்தும் ஒன்றரை விழுக்காட்டளவிலேயே நின்றது. பின்னர் வேகம் பிடித்து, 2022 ஜூனில் 10 விழுக்காட்டை அடைந்தது. 2030-க்கென முதலில் வகுத்த 20 விழுக்காட்டு இலக்கு 2025-லேயே எட்டப்பட்டது. குறித்த காலத்துக்கு முன்பே நிறைவேறும் அரசுத் திட்டங்கள் நம் நாட்டில் மிகுதி அல்ல. இதில் பெருமை கொள்ளலாம். ஆயினும் இந்தச் சாராயம் எந்தப் பயிரிலிருந்து, எந்த நிலத்தின் தண்ணீரில் வருகிறது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

முதலில் வாடிக்கையாளர் அறிந்த குறை: மைலேஜ். எத்தனாலின் எரிதிறன் பெட்ரோலினுடையதில் மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே நூறு லிட்டர் கலப்பு எரிபொருளில் கிட்டத்தட்ட ஏழு லிட்டர் பெட்ரோலுக்குரிய ஆற்றல் குறைகிறது. 2021-இல் வெளிவந்த நிதி ஆயோக் வல்லுநர் குழு அறிக்கையும் பழைய வடிவமைப்புக் கார்களில் 6 முதல் 7 விழுக்காடும், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடும் திறன் குறையும் என்று கணித்தது. இதற்கு ஈடாக விலை குறைவாக இருக்க வேண்டும் என்றும் அதே அறிக்கை பரிந்துரைத்தது. மைலேஜ் குறைந்தது, விலை குறையவில்லை என்ற முணுமுணுப்பு நியாயமானதே. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களையும் நாளடைவில் அரிக்கக்கூடியது. எனவே பழைய வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைப்பவர்கள் சற்று விழிப்புடன் இருப்பது நல்லது.

நன்மைகளும் சிறியவை அல்ல. நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. அந்நியச் செலாவணியாகச் செல்லும் தொகையில் ஒரு பகுதியேனும் நம் உழவருக்குச் சேர்வது நல்லதே. கரும்பை ஒப்படைத்த 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை கூறுகிறது. ஆனால், நிலுவைக்காக ஆலை வாயிலில் காத்திருந்த உழவர்களின் கதை எல்லாக் கரும்பு மாவட்டங்களிலும் உண்டு. மூட்டையாகக் கிடங்கில் உறங்கும் சர்க்கரை விற்றுப் பணமாக மாதங்கள் ஆகும். எண்ணெய் நிறுவனத்துக்கு விற்ற எத்தனாலுக்கோ சில வாரங்களில் பணம் வந்துவிடும். ஆலைகள் வடிப்பாலை அமைக்க ஓடிவந்ததற்கு இதுவே காரணம்.

அதற்கான கடனை வங்கிகள் வழங்கின. 2018 முதல் அக்கடன்களுக்கு 6 விழுக்காடு, அல்லது வங்கி விதிக்கும் வட்டியில் பாதி, இவற்றில் எது குறைவோ அதனை ஐந்தாண்டுகளுக்கு அரசே மானியமாக ஏற்றது. ஆனால் 2023 டிசம்பரில், சர்க்கரை உற்பத்தி குறையும் என்ற அச்சத்தில், கரும்புச் சாற்றிலிருந்து நேரடியாக எத்தனால் எடுப்பதற்கு அரசு திடீரெனத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில்தான் அது முற்றிலும் நீங்கியது. ஒரு பருவமழை பொய்த்தால் கோடிக்கணக்கில் முதலிட்ட ஆலை முடங்கக்கூடும் என்பதைக் கடன் கொடுத்தோரும் பெற்றோரும் அப்போது உணர்ந்தனர்.

மழையைப் பற்றிச் சொல்லும்போது லாத்தூரை மறக்க இயலாது. 2016 ஏப்ரலில், கரும்பு விளையும் மராத்வாடாப் பகுதியிலுள்ள அந்நகருக்குக் குடிநீரை இரயிலில் கொண்டுசெல்ல நேர்ந்தது. முன்னர்க் குறிப்பிட்ட அறிக்கையின் கணக்குப்படி, கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் பெற ஏறத்தாழ 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. எண்ணெய் இறக்குமதியை மிச்சப்படுத்த நிலத்தடி நீரைச் செலவிடுகிறோம் என்று சொன்னால் அது மிகையாகாது.

கரும்பின் சுமையைக் குறைக்க மக்காச்சோளம் முன்னுக்கு வந்தது. அதற்குத் தண்ணீர் குறைவாகப் போதும்; ஒரு டன்னில் ஏறக்குறைய 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். விளைவித்த உழவருக்கு நல்ல விலையும் கிடைத்தது. ஆனால் மக்காச்சோளமே கோழித் தீவனத்தின் அடிப்படை. ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-இல் அதனை இறக்குமதி செய்யத் தொடங்கியது. தீவன விலை ஏறியபோது நாமக்கல் பண்ணையாளர்கள் பட்ட தவிப்பு, முட்டை வாங்கும் அனைவரையும் தொடும் செய்தி.

உணவுப் பயிரைத் தொடாமல் எரிபொருள் பெறும் முயற்சி முன்பே ஒருமுறை தோற்றிருக்கிறது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், தரிசு நிலத்தில் காட்டாமணக்கு பயிரிட்டு டீசல் எடுக்கலாம் என்று ஊர்தோறும் பேசப்பட்டது. தண்ணீர் இன்றி அது வளரும் என்றார்கள், வளரவும் செய்தது. ஆனால் எதிர்பார்த்த அளவு காய்க்கவில்லை. நம்பி நட்ட உழவர்கள் பலர் அதனைப் பிடுங்கி எறிந்தனர்.

இப்போதைய நம்பிக்கை கழிவுப் பொருள்களின் மீது. 2022 ஆகஸ்டில் ஹரியானாவின் பானிப்பட்டில் திறக்கப்பட்ட இந்தியன் ஆயில் ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் திறனுடன் அமைந்தது. வயலிலேயே எரிக்கப்பட்டு, தில்லியின் காற்றைக் கெடுத்துவரும் அதே வைக்கோல்தான். செலவு மட்டும் கூடுதல். 900 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு தேவைப்பட்டது. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைக்கும் சில வாரங்களுக்குள் ஊர் ஊராகச் சென்று வைக்கோலைக் கட்டி எடுத்தாக வேண்டும். தீக்குச்சி ஒன்றில் முடியும் வேலைக்கு அவர் காத்திருக்க வேண்டுமெனில், அந்தக் கட்டுக்கு உரிய விலை அறுவடை நாளிலேயே உழவரின் கைக்குச் சேர வேண்டும்.