இருபது ஊசி குத்தியும் அழாதவள் யார்?

சேலத்தில் புறப்பட்டு ஏற்காட்டுக்குச் செல்கிறாள், வழியெங்கும் இருபது ஊசிகள், ஒருமுறைகூட அழவில்லை. யார் அவள்?

குழந்தைகள் பிரிவில் ஊசி போடும் வேளையில் நாங்கள் அடிக்கடி கேட்கும் விடுகதை இது. சேர்வராயன் மலையிலிருந்து வரும் பிள்ளைகள் சட்டென்று விடையைச் சொல்லிவிடுகிறார்கள்: மலைப்பாதை. அதன் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே பேருந்தில் இறங்கி வந்தவர்கள் அல்லவா! சமவெளிப் பிள்ளைகளுக்குச் சற்று நேரம் பிடிக்கிறது. அந்தச் சற்று நேரம் எங்களுக்குப் போதும்; ஊசி போட்டு முடிந்திருக்கும்.

ஊசி போடும்போது குழந்தையின் கவனத்தை வேறொன்றில் ஈடுபடுத்தினால் வலியும் அச்சமும் குறைகின்றன என்பது ஆய்வுகளில் தெளிவான செய்தி. குத்தும் உணர்வு தோலிலிருந்து மூளைக்குச் செல்லத்தான் செய்கிறது. ஆனால் மூளை அதையே எதிர்நோக்கிக் காத்திருந்தால் வலி பெரிதாகிறது. வேறு வேலையில் மூழ்கியிருந்தால் சிறிதாகிறது. கைப்பேசியில் ஓடும் படத்தைப் பார்ப்பதைவிட விடுகதைக்கு விடை தேடுவதில் குழந்தை தானே உழைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே எங்கள் தேர்வு விடுகதைதான்.

பெற்றோர் இதைச் செய்ய விரும்பினால் நேரத்தைக் கவனியுங்கள். பஞ்சால் தோலைத் துடைப்பதற்குச் சற்று முன்னர் விடுகதையைத் தொடங்குங்கள். ஊசியை வெளியே எடுக்கும்வரை விடையைச் சொல்லாதீர்கள். "ஊசி வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்ல வேண்டா. அது பொய்யென்று குழந்தை அறிந்துகொண்டால், அடுத்த முறை உங்கள் விடுகதையையும் நம்பாது. அறுவைச் சிகிச்சைக்காக வெறும் வயிற்றோடு காத்திருக்கும் பிள்ளையிடம் பலாப்பழ விடுகதை போடுவதும் நன்றன்று. வயிற்றில் தையல் போட்ட பிள்ளை சிரித்தால் வலிக்கும்; வயிற்றின்மேல் ஒரு தலையணையை மெல்ல அணைத்துக்கொள்ளச் செய்துவிட்டுச் சிரிக்க வையுங்கள்.

வயதும் முக்கியம். நான்கு வயதுக் குழந்தைக்கு ஊசி என்றால் ஊசிதான். ஒரே சொல் இரண்டு பொருள் தருவதைப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆறு, ஏழு வயதில்தான் சுவைக்கத் தொடங்குகிறார்கள். "ஆறாத புண்ணிடம் எந்த எண்ணைச் சொல்லிக் கெஞ்சுவோம்?" என்று எட்டு வயதுச் சிறுமியிடம் கேட்டால் "ஆறு!" என்று துள்ளுவாள். அவளுடைய தம்பி விழித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு அறிவு குறைவென்று எண்ணிவிடாதீர்கள். அவனுக்கு ஏற்றவை உருவத்தைச் சொல்லும் எளிய விடுகதைகள்: கதவைச் சாத்தினால் வெளியே நிற்கும், மலையையே விழுங்கும், வெயில் வந்தால் ஓடிவிடும். (மூடுபனி.)

தமிழில் இவ்விளையாட்டு மிகப் பழையது. தொல்காப்பியம் செய்யுளியலில் இதைப் 'பிசி' என்று பெயரிட்டு, ஒப்புமை காட்டி மறைப்பது, அடையாளம் சொல்லி உய்த்துணர வைப்பது என இருவகையாகக் கூறுகிறது. மூடுபனி விடுகதை இரண்டாம் வகை. சொல்லின் இருபொருளைக் கொண்டு ஆடுவது சிலேடை. அதில் பெயர்பெற்ற காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவுக்குள் அடக்கிக் காட்டியவர். ஏற்காடு என்ற பெயரே ஒரு சொற்புதிர்தான்: ஏரியும் காடும் சேர்ந்து அமைந்தது என்பது வழக்கு. அம்மலையின் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர், பேசுவதோ தமிழ். சமவெளியிலிருந்து புதிதாக வருவோர் கேரளத்தவர் என்று எண்ணிவிடுவதுண்டு.

அம்மலைக் கிராமங்களிலிருந்து பேரப்பிள்ளையுடன் வந்து தங்கும் பாட்டிமார் பலர் வார்டில் வாய் திறக்கவே தயங்குகிறார்கள். மருந்தின் பெயர் தெரியாது, படிவத்தில் எழுதத் தெரியாது என்ற கூச்சம். "பாட்டி, உங்கள் ஊர் விடுகதை ஒன்று போடுங்கள்" என்று செவிலியர் கேட்டால், முதலில் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். பிறகு அடுத்த கட்டில் பிள்ளைகளும் வந்து சூழ்ந்துகொள்வார்கள். இதில் எங்களுக்கும் பயனுண்டு. விடுகதை போட்டுப் பழகிய பாட்டி, மறுநாள் "பிள்ளை நேற்றிரவு சிறுநீர் கழிக்கவே இல்லை, டாக்டரம்மா" என்று தயங்காமல் சொல்வார். எந்தச் சோதனைக் கருவியும் தராத செய்தி அது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நேற்றுவரை விடுகதைக்கு முந்திக்கொண்டு விடை சொன்ன பிள்ளை, காய்ச்சலில் பதில் பேசாமல் சோர்ந்து கிடந்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்பினாலும் கண்ணை மூடிக்கொண்டாலோ, தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அப்பொழுதே செவிலியரை அழையுங்கள். வீட்டில் இருந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அதேபோல், படத்தைக் காட்டினால் விடை சொல்லும் பிள்ளை, காதால் கேட்டால் மட்டும் "என்ன, என்ன" என்று திரும்பத் திரும்பக் கேட்டால், செவியைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. சளி பிடித்த பின் நடுச்செவியில் நீர் தேங்கினாலும் இப்படி நேரும், பெரும்பாலும் குணமாகக்கூடியதே.

இவ்வாரத்துக்கு இரண்டு மலை விடுகதைகள். கொடியில் பச்சை, வெயிலில் கறுப்பு, நாக்கில் நெருப்பு, அது என்ன? பூ வெள்ளை, பழம் சிவப்பு, வறுத்தால் கறுப்பு, பழத்தை விட்டுவிட்டுக் கொட்டையைத் தேடுவார்கள், அது என்ன? பிள்ளைகள் விடையை வார்டுச் செவிலியரின் காதில் மட்டும் சொல்லட்டும். பக்கத்துக் கட்டிலில் உள்ளவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கக்கூடும்.