பாட்டே இல்லாத உளவாளிப் படம்



உளவாளியைச் சாகச வீரனாக அல்லாமல், களைத்துப்போன சாதாரண மனிதனாகக் காட்டிய பிரித்தானியப் படம், ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்’. வெளிவந்த ஆண்டு 1965. அதற்கு 11 ஆண்டுகள் முன்பே தமிழில் அப்படியொரு உளவாளி வந்துவிட்டார்! படம் ‘அந்த நாள்’. ஏவி.எம். தயாரிப்பு, வீணை எஸ். பாலசந்தர் இயக்கம்.

1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்ட ஜப்பான், 1943 அக்டோபரில் சென்னையிலும் போட்டது. கதை நடப்பது அப்போதுதான். படம் தொடங்கியதுமே கதாநாயகன் சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். பிறகு ஒவ்வொருவர் வாக்குமூலமாக அவர் யாரென்று தெரிகிறது.

அவர் ஒரு வானொலிப் பொறியாளர். ஏழைகளும் வாங்கக்கூடிய மலிவான வானொலிப் பெட்டிக்கு வழி கண்டுபிடித்தவர். அதற்கு அரசின் ஆதரவு கிடைக்கவில்லை. அந்தக் கசப்பு அவரை ஜப்பானின் உளவாளியாக்குகிறது. வில்லன் என்று தள்ளிவிட முடியாதபடி சிவாஜி நடித்திருப்பது இன்றைக்கும் வியக்க வைக்கிறது.

பாட்டு, நடனம், சண்டை எதுவும் கிடையாது. பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் இதுதான். திரைக்கதை வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் வருகிறார். சுட்டது யார் என்பதைச் சொல்லப்போவதில்லை. படத்தைப் பாருங்கள், நேயர்களே.