அறுபது பிரேம் வந்தும் ஏன் திணறுகிறது?

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரும் கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் அதிகம் சொல்லும் குறை இதுதான்: "அண்ணா, எஃப்.பி.எஸ். அறுபது காட்டுது. ஆனா கேம்ல வண்டியைத் திருப்புனா படம் வெட்டி வெட்டிப் போகுது." அவர்களை உட்காரவைத்து, டீயைக் கையில் கொடுத்துவிட்டு நான் முதலில் பேசுவது அந்த அறுபதைப் பற்றி. விண்டோஸில் எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன்னால் அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தெரிந்தாக வேண்டும்.

வினாடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமும் சுமார் 16.7 மில்லி வினாடிக்குள் தயாராக வேண்டும். 144 என்றால் அந்த அவகாசம் 6.9 மில்லி வினாடியாகச் சுருங்கிவிடுகிறது. திரையின் மூலையில் தெரிவது வெறும் சராசரி. ஒரு மணி நேரத்துக்கு ஆறு டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தாலும் ஆறுதான். ஐம்பது நிமிடம் நிற்கவைத்துவிட்டு ஆறும் வால்பிடித்து வந்தாலும் ஆறுதான். வித்தியாசம் ஸ்டாப்பில் நின்றவருக்குத்தான் தெரியும். கேமிலும் இதே கணக்கு. 59 பிரேம்கள் தலா 15 மில்லி வினாடியில் வந்து, ஒரே ஒரு பிரேம் 115 மில்லி வினாடி எடுத்துக்கொண்டாலும் மூலையில் 60 என்றுதான் காட்டும். கண் பிடித்துக்கொள்வது அந்த ஒன்றை.

அதனால் பார்க்க வேண்டியது பிரேம் டைம் கோடு. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னரும் அதனுடன் வரும் ரிவா டியூனரும் இலவசம். விளையாடும்போதே அந்தக் கோட்டைத் திரையில் வரைந்து காட்டும். கோடு தட்டையாக இருந்தால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும். ஊசி ஊசியாக எழும்பினால் திணறல். கோடு தட்டையாகவே இருந்து, மற்ற ஆட்டக்காரர்கள் மட்டும் இடம் விட்டு இடம் தாவினால், கோளாறு இணைய இணைப்பில் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு விண்டோஸைக் குடைந்து பயனில்லை.

விண்டோஸ் செட்டிங்ஸ் எதுவும் புதிதாக வேகத்தை உண்டாக்கித் தராது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வன்பொருளைக் கட்டிவைத்திருக்கும் கயிறுகளை அவிழ்க்கும். ஆட்டத்தின் நடுவே குறுக்கிடும் வேலைகளை ஒதுக்கும். அவ்வளவுதான் அதன் எல்லை. அந்த எல்லைக்குள்ளேயே செய்ய நிறைய இருக்கிறது என்பதால்தான் பொறுமையாகச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே கேம், அதே இடம், அதே ஓட்டம். பிறகு கோட்டைப் பாருங்கள். பத்தை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் கயிறு திரையிலேயே இருக்கிறது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, அது 60-ல் ஓடிக்கொண்டிருப்பதை அறியாமலே மாதக்கணக்கில் விளையாடுபவர்கள் உண்டு. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போனால் ரிஃப்ரெஷ் ரேட், அதாவது திரை வினாடிக்கு எத்தனை சுற்று புதுப்பிக்கிறது என்பது, தெரியும். அங்கே 144-ஐத் தேர்ந்தெடுங்கள். பட்டியலிலேயே அது இல்லையென்றால் கேபிளையோ போர்ட்டையோ சந்தேகப்பட வேண்டும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் பின்பக்கமும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்: மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில் செருகியிருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல.

அடுத்தது லேப்டாப்காரர்களுக்கு. கேமிங் லேப்டாப்புகளில் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் இரண்டு இருக்கும்: பிராசசரோடு சேர்ந்த சின்னது ஒன்று, தனியாக உள்ள பெரியது ஒன்று. எந்த கேமுக்கு எது என்று விண்டோஸ் தானாக முடிவெடுக்கிறது. சில சமயம் தவறாக. டிஸ்ப்ளே பக்கத்திலேயே கிராஃபிக்ஸ் என்ற பகுதியில் உங்கள் கேமைச் சேர்த்து, ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று கொடுத்துவிடலாம். பவர் அண்ட் பேட்டரியில் பவர் மோடை பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள். சார்ஜரைச் செருகி விளையாடுங்கள். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தன் மின்சாரத்தைத் தானே சுருக்கிக்கொள்ளும். அதை எந்த செட்டிங்காலும் முழுதாக மீட்க முடியாது.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள்: பிரேமுக்கு உச்சவரம்பு வையுங்கள். கேம் 75-க்கும் 110-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், 72-ல் நிறுத்திவிடுவது நல்லது. எண் குறையும், ஆட்டம் சீராகும். கிராஃபிக்ஸ் கார்டு ஒவ்வொரு கணமும் முழு மூச்சில் ஓடும்போது, கடினமான காட்சி ஒன்று வந்தால் அதைச் சமாளிக்கக் கையிருப்பு இருக்காது. வரம்பு வைத்தால் அந்தக் கையிருப்பு கிடைக்கும். சூடும் குறையும். 72 ஏன் என்றால், 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு பிரேமும் சரியாக இரண்டு சுற்றுக்கு நிற்கும். 60 ஹெர்ட்ஸ் திரை என்றால் 60. அது தாங்காவிட்டால் 30. கேமுக்குள்ளேயே இந்த வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் 2020 முதல் என்விடியாவின் கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட் இருக்கிறது. ரிவா டியூனரிலும் வைக்கலாம்.

பிரேமைத் திரையின் சுற்றோடு பூட்டும் வி-சிங்க்கை மட்டும் போட்டுவைத்து, அறுபதை எட்ட முடியாத கேமை விளையாடுபவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில் 16.7 மில்லி வினாடிக்குள் பிரேம் தயாராகவில்லை, 17 ஆகிவிட்டது என்றால் திரை அதை அப்போதே காட்டாது. அடுத்த சுற்று வரை, அதாவது 33.3 வரை, காத்திருக்கவைக்கும். துளித் தாமதத்தால் பிரேமின் நேரம் இரட்டிப்பாகிக் கண்ணில் அடிக்கும். ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் போன்றவை இதைத் தீர்க்கவே வந்தன. அவை திரையைப் பிரேமுக்காகக் காத்திருக்கவைக்கின்றன. உங்கள் மானிட்டரில் அந்த வசதி இருந்தும் அணைத்து வைத்திருந்தால் இன்றைக்கே போடுங்கள்.

பின்னணி வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செட்டிங்ஸில் ஆப்ஸ், ஸ்டார்ட்அப் போய், கணினி எழும்போதே கூடவே எழுகிற தேவையற்ற செயலிகளை அணையுங்கள். கேமிங், கேப்சர்ஸ் பகுதியில் நடந்ததைப் பின்னணியில் பதிவுசெய்யும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். 2017-ல் விண்டோஸ் 10-க்கு வந்த கேம் மோடை அப்படியே விட்டுவைக்கலாம். விளையாடும்போது டிரைவர் அப்டேட்டும் ரீஸ்டார்ட் அறிவிப்பும் நுழையாமல் அது பார்த்துக்கொள்கிறது. 8 ஜி.பி. ரேம் உள்ளவர்கள் பிரௌசரை முழுவதுமாக மூடிவிட்டு விளையாடினாலே ஊசிகள் குறைவதைக் காணலாம்.

மெமரி இன்டெக்ரிட்டியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். விண்டோஸின் மையப் பகுதிக்குள் தீய நிரல் நுழையாமல் காக்கும் ஏற்பாடு அது. புதிய விண்டோஸ் 11 கணினிகளில் பெரும்பாலும் இயங்கிக்கொண்டே வரும். சில கணினிகளில் கேமின் வேகத்தை அது குறைக்கலாம் என்று மைக்ரோசாஃப்டே 2022-ல் ஒப்புக்கொண்டு, விரும்புபவர்கள் விளையாடும்போது அணைத்துவிட்டுப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று வழியும் சொன்னது. நான் அணைக்கச் சொல்வதில்லை. நம் வீடுகளில் ஒரே லேப்டாப்பில்தான் அப்பாவின் நெட்பேங்கிங், அக்காவின் ஆபீஸ் வேலை, தம்பியின் கேம் எல்லாமே நடக்கின்றன. சில பிரேம்களுக்காக அந்தக் காவலை எடுப்பதை என் மனம் ஏற்கவில்லை. கேமுக்கென்றே தனிக் கணினி வைத்திருப்பவர்கள் யோசித்து முடிவெடுக்கட்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, யாரோ எழுதிய ரெஜிஸ்ட்ரி ஸ்கிரிப்டையும் கேம் பூஸ்டர் என்ற பெயரில் சுற்றும் மென்பொருளையும் ஓடவிடுவது. அவற்றில் சில அப்டேட்டையும் வைரஸ் காவலையும் முடக்கிவிடும். என்ன செய்தன என்ற பட்டியல்கூடத் தராது. வர்ச்சுவல் மெமரியை அணைத்தால் வேகம் கூடும் என்ற அறிவுரையையும் கேட்காதீர்கள். ரேம் நிரம்பும் கணத்தில் கேம் அப்படியே மூடிக்கொள்ளும்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் சோர்ந்துபோகும் கணினிக்குக் காரணம் பெரும்பாலும் சூடு. பல லேப்டாப் பிராசசர்கள் 95 முதல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். மே மாதத்து மதியத்தில், மெத்தைமேல் வைத்து விளையாடினால் அந்த இடத்தை எட்ட நேரமே ஆகாது. கடினமான தளத்தில் வையுங்கள், பின்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள், ஃபேனில் சேர்ந்த தூசியை எடுக்கச் சொல்லுங்கள். அப்படியும் தணியவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. பழைய கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட் உங்கள் லேப்டாப்பில் தெரிந்தால் அதை 99 சதவீதமாக வையுங்கள். பிராசசரின் டர்போ வேகம் நின்று, சூடு குறையும். பிராசசரை அதிகம் நம்பும் கேம்களில் இது பிரேமைக் குறைக்கும். கோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எல்லாம் செய்தும், புதிய இடத்துக்குள் நுழையும்போதோ முதல் வெடிப்பைப் பார்க்கும்போதோ மட்டும் ஒரு குலுக்கல் வந்து, இரண்டாம் முறை வராமல் போனால், அது ஷேடர், அதாவது காட்சியை வரையும் சிறு நிரல், தயாராகும் தாமதம். டைரக்ட்எக்ஸ் 12 கேம்கள் பலவற்றில் இருக்கிறது. சரிசெய்ய வேண்டியவர்கள் கேமை எழுதியவர்கள். சில கேம்கள் தொடக்கத்திலேயே ஷேடர்களைத் தயாரிக்கும். அந்தப் பட்டை முழுதாக நிரம்பும்வரை பொறுத்திருங்கள், தாண்டிப் போகாதீர்கள். கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தால் முன்பு சேர்த்துவைத்த ஷேடர்கள் செல்லாமல் போய், குலுக்கல் மறுபடி தலைகாட்டும். அன்றைக்கு எந்த செட்டிங்கையும் மாற்றாமல் ஓரிரு ஆட்டம் ஆடிவிட்டு, பிறகு கோட்டைப் பாருங்கள்.