அச்சேற்றலும் பதிப்பித்தலும்: ஈழத்துக் கையெழுத்துப் பிரதியொன்றின் வழி பற்றிச் சில குறிப்புகள்

ஈழத்துத் தமிழ் நூல் வெளியீடு பற்றிய உரையாடல்களிலே அச்சிடுதல், பதிப்பித்தல் என்னும் இரு சொற்களும் வேறுபாடின்றி வழங்கி வருவதை நாம் அவதானிக்கலாம். "புத்தகம் அடித்தாயிற்று" என ஆசிரியர் ஒருவர் கூறும்பொழுது, அச்சகத்திலிருந்து சில நூறு பிரதிகள் கட்டுக் கட்டாக வீடு வந்து சேர்ந்துவிட்டன என்பதே அதன் பொருளாக இருக்கின்றது. அக்கட்டுகள் வீட்டிலிருந்து எங்கே செல்லும், யார் கையிற் சேரும் என்னும் வினா அதன் பின்னரே எழுகின்றது. சில வேளைகளில் எழாமலே போய்விடுகின்றது. கையெழுத்துப் பிரதியை முடித்த ஓர் ஆய்வாளரோ எழுத்தாளரோ அதனை எவ்வழியில் வெளியிடுவது என்று தீர்மானிக்க முற்படும்பொழுது, இவ்விரு சொற்களையும் பிரித்தறிவதே முதற்படி என்பது எமது கருத்தாகும். (கையெழுத்துப் பிரதி என்பது இன்று பெரும்பாலும் கணினிக் கோப்பே. பழைய பெயர் வசதி கருதி ஈண்டு அதனையே ஆள்கின்றோம்.)

பதிப்பித்தல் என்பது பிரதியைப் படித்துச் செம்மை செய்தல், அச்சிடுதல், வாசகரிடம் கொண்டு சேர்த்தல் என்னும் முத்தொழில்களை உள்ளடக்கியது. இம்மூன்றுக்கும் முதலிட்டு, நட்டத்தையும் தானே ஏற்பவன் பதிப்பாளன். அச்சகத்தாரோ நடுவிலுள்ள தொழிலை மட்டும் கூலிக்குச் செய்பவர். நமது நாட்டில் ஆசிரியரே முதலிட்டு அச்சகத்தை நாடுவது பெருவழக்காகிவிட்டமையால், முதலாவது தொழிலும் மூன்றாவது தொழிலும் செய்வாரற்றுப் போயின. எழுத்துப் பிழைகள் மலிந்து, தமது ஊருக்கு வெளியே எவரும் அறியாது மறைந்துபோன நல்ல நூல்கள் பலவற்றின் கதை இதுவே. இதற்கு ஆசிரியரின் கவனயீனத்தைக் காரணங் காட்டுவது எளிது. ஆயின் காரணம் நூற் சந்தையின் அமைப்பிலேயே உள்ளது.

வரலாற்றை நோக்கின் இது தெளிவாகும். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வித்தியாநுபாலன யந்திரசாலையை அமைத்தார். முதலிற் பாடசாலை, பின்னரே அச்சகம் என்னும் இவ்வொழுங்கு மனங்கொள்ளத்தக்கது. பாலபாடங்களுக்குரிய வாசகர் கூட்டம் அவை அச்சேறுமுன்னரே உருவாகியிருந்தது. பின்னாளில் ஈழகேசரி நா. பொன்னையா அவர்கள் சுன்னாகம் திருமகள் அழுத்தகத்திலே கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புகளுடன் தொல்காப்பியத்தை 1937 முதற் பகுதி பகுதியாக வெளியிட்டபொழுதும், பத்திரிகையும் அதன் வாசகரும் அம்முயற்சிக்கு முன்னரே இருந்தனர்.

இன்னும் தெளிவான சான்று 1970களில் உள்ளது. அந்நியச் செலாவணி நெருக்கடியை முன்னிட்டுத் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலம் அது. அவ்வேளையில் வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை மலிவு விலையில் வெளியிடத் தலைப்பட்டது. பாலமனோகரனின் நிலக்கிளி, செங்கை ஆழியானின் வாடைக்காற்று ஆகியன 1973இல் அவ்வரிசையில் வெளிவந்தவை. அந்நாவல்கள் பரவலாக வாசிக்கப்பட்டமைக்கு அவற்றின் தரமும் இறக்குமதிக் கட்டுப்பாடும் காரணங்களாகப் பொதுவிற் கூறப்படுவதுண்டு. அவை உண்மையே. ஆயினும், நாள்தோறும் பத்திரிகையைச் சுமந்து சென்ற முகவர் வலையமைப்பு நூலையும் சுமந்து சென்றது என்பது போதிய அளவு வற்புறுத்தப்படவில்லை. மலையகத்துச் சிறு நகரத்திலும் கிழக்கிலங்கைக் கடைத்தெருவிலும் பத்திரிகை தொங்கிய கம்பியிலேயே நாவலும் தொங்கியது. 1977இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை புகுந்து, தென்னிந்திய வெளியீடுகள் மீண்டும் தடையின்றி வந்தபொழுது, அம்முயற்சி முன்னைய வேகத்தில் தொடரவில்லை. அதன்பின் அத்தகைய விநியோக அமைப்பொன்று தமிழ் நூலுக்கு இந்நாட்டில் வாய்க்கவேயில்லை எனலாம்.

ஆகவே, இன்று பிரதியொன்றைக் கையில் வைத்திருப்பவர் முதலிற் கேட்க வேண்டியது "எங்கே அச்சிடலாம்?" என்பதன்று. "இந்நூலை வாசிக்க வேண்டியவர் யார்? அவர் எங்கே இருக்கிறார்? நூலை எங்ஙனம் பெறுவார்?" என்பனவே முதல் வினாக்கள். ஒரு கிராமத்தின் வழிபாட்டு மரபுகளை ஆராயும் நூலுக்கும், தமிழிலக்கியக் கொள்கை பற்றிய நூலுக்கும், கன்னிக் கவிதைத் தொகுதிக்கும் ஒரே வழி பொருந்தாது.

சொந்தச் செலவில் வெளியிடும் வழியை எடுத்துக் கொள்வோம். இதன் கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டு: 300 பிரதிகள் அச்சிடுவதற்குப் பிரதியொன்றுக்கு 600 ரூபா செல்வதாகக் கொண்டால் மொத்தச் செலவு 1,80,000 ரூபா. விலையை 1,200 ரூபாவாக நிர்ணயித்து, புத்தகசாலைக்கு நூற்றுக்கு 35 வீதம் கழிவு கொடுத்தால் ஆசிரியர் கைக்கு வருவது 780 ரூபா. இட்ட முதலை மீட்பதற்கே 231 பிரதிகள் விற்பனையாதல் வேண்டும். எஞ்சும் 69 பிரதிகளுள் மதிப்புரைக்கும், நூலகங்களுக்கும், நண்பர்க்கும், அணிந்துரை வழங்கிய பெரியோர்க்கும் போனவை போக மிச்சம் எதுவுமில்லை. ஆசிரியரின் உழைப்புக்கு இக்கணக்கில் இடமேயில்லை என்பதையும் கவனித்தல் வேண்டும். ஓப்செற் முறையில் தகடு முதலியவற்றின் செலவு பிரதிகள் கூடினும் குறையினும் ஒன்றே. ஆதலால் எண்ணிக்கை கூடக் கூடப் பிரதியொன்றின் அடக்கவிலை குறையும். "இன்னும் இருநூறு அடித்தால் மலிவு" என்று அச்சகத்தார் கூறுவது இதனாலேயே. அது பொய்யன்று. ஆனால் விற்பனையாகாத பிரதியின் அடக்கவிலை குறைந்தென்ன, கூடியென்ன? டிஜிற்றல் அச்சுமுறையில் ஐம்பது, நூறு எனத் தேவைக்கேற்ப அச்சிடலாம். பிரதியொன்றின் செலவு சற்றுக் கூடினும், பரணில் முதல் முடங்குவதில்லை. 2022 மார்ச்சிலே கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட நாட்டில், இது சிறு விடயமன்று.

வெளியீட்டு விழா பற்றியும் ஒரு சொல். முதற்பிரதி, சிறப்புப் பிரதி, கடித உறையில் அன்பளிப்பு என அமையும் நமது விழா, உண்மையில் விநியோகம் இல்லாமையால் தோன்றிய ஒரு பதிலீடாகும். உறவினரும் மாணவரும் ஊரவரும் அன்று மாலை ஆசிரியரின் கடனைப் பகிர்ந்து கொள்கின்றனர். அதிலுள்ள சமூகப் பண்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அன்று பிரதி பெற்றோருள் நூலை வாசிப்போர் எத்தனை பேர் என்பதும், நூலை உண்மையில் தேடும் வாசகன் மறுநாள் அதனை எங்கே வாங்குவான் என்பதும் வேறு வினாக்கள்.

இரண்டாவது வழி சென்னை. இது புதியதன்று. எம். ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த பதினொரு ஈழத்துக் கவிஞர்கள் 1984இல் சென்னையில் க்ரியா வெளியீடாக வந்தது. நுஃமானின் அடிப்படைத் தமிழ் இலக்கணம் 1999இல் இலங்கையில் வெளிவந்து, பின்னர் தமிழகத்தில் அடையாளம் வெளியீடாகவும் வந்தது. மறுதலையாக, 1985இல் யாழ்ப்பாணத்தில் தமிழியல் வெளியிட்ட மரணத்துள் வாழ்வோம், பின்னர் தமிழகத்தில் மறுபதிப்புக் கண்டது. தமிழகப் பதிப்பகம் ஆசிரியரிடம் பணம் கேளாது தானே முதலிட்டு வெளியிடுமாயின், அச்சு நேர்த்தி, புத்தகக் கண்காட்சிகள், பரந்த வாசகர் தொகை ஆகிய நன்மைகள் யாவும் கிட்டும். ஆசிரியரிடமே செலவைப் பெற்றுச் சென்னை முகவரியை மட்டும் அட்டையிற் பொறிக்கும் "பதிப்பகங்களும்" உள. அவற்றின் வழி வெளியிடுவது, உள்ளூர் அச்சகத்தில் அச்சிடுவதிலிருந்து தூரத்தினால் மட்டுமே வேறுபடுகின்றது.

ஆயினும் நேர்மையான தமிழகப் பதிப்பகத்திலும் ஒரு முரண்பாடு உண்டு. ஈழத்தவன் எழுதிய நூல் ஈழத்துக்கு இறக்குமதிப் பண்டமாகவே திரும்பி வருகின்றது. 2022 தொடக்கத்தில் இந்திய ரூபா ஒன்று மூன்று இலங்கை ரூபாவிலும் குறைவாக இருந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் அது நான்கரை ரூபாவைத் தாண்டிற்று. கப்பற் கூலியும் கடைக்காரர் கழிவும் சேரும்பொழுது, நூலுக்குப் பொருளாக அமைந்த கிளிநொச்சி விவசாயியின் மகனோ, ஹற்றன் தோட்டத் தொழிலாளியின் மகளோ அதனை வாங்க இயலாத நிலை தோன்றுகின்றது. எந்த மக்களைப் பற்றி எழுதப்பட்டதோ அம்மக்களுக்கே நூல் எட்டாமற் போவது முற்போக்கு நோக்குடைய எழுத்தாளன் அலட்சியம் செய்யக்கூடிய ஒன்றன்று. இதற்காகச் சென்னை வழியைத் தவிர்க்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஒப்பந்தத்தில் இந்தியப் பதிப்புக்குரிய உரிமையை மட்டும் வழங்கி, இலங்கைப் பதிப்புக்குரிய உரிமையை ஆசிரியர் தம்மிடமே வைத்துக் கொள்வது இதற்குத் தக்க பரிகாரமாகும். பக்க அமைப்புச் செய்த கோப்பைப் பயன்படுத்தும் அனுமதியையும் உடன் பெற்றுக்கொண்டால், இங்கே குறைந்த செலவில் நூறு பிரதிகள் அச்சிட்டு இங்குள்ள விலைக்கு விற்கலாம். இறுதி மெய்ப்பைத் தாமே பார்க்கும் உரிமையையும் வலியுறுத்துதல் நன்று. ஈழத்துப் பேச்சு வழக்கைப் பிழையெனக் கருதித் "திருத்தும்" கைகள் இன்னும் முற்றாக ஓய்ந்துவிடவில்லை.

ஒப்பந்தம் என்றதும் நம்மவர் கூசுகின்றனர். நட்பில் எழுத்து எதற்கு என்பது அவர்களது வாதம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நூலொன்றின் பொருளாதார உரிமைகள் பொதுவில் ஆசிரியரின் ஆயுட்காலத்துக்கும் அதன் பின் 70 ஆண்டுகளுக்கும் நிலைப்பவை. அவ்வுரிமைகளைக் கைமாற்றுவதும் எழுத்திலேயே அமைதல் வேண்டும். இத்தனை நீண்ட காலத்துக்குரிய ஒன்றை வாய்ச்சொல்லில் விட்டுவிடுவதால் வரும் இடர், ஆசிரியர் மறைந்த பின்னரே தெரியவருகின்றது. மறுபதிப்புச் செய்ய விரும்புவோர் எவரிடம் அனுமதி கேட்பது என்று அறியாது நிற்க, நூல் கிடைக்காமலே போகின்றது. எத்தனை பிரதிகள், எந்நாட்டிற்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, விற்றுத் தீர்ந்தபின் குறித்த காலத்துள் மறுபதிப்பு வராவிடின் உரிமை ஆசிரியரிடம் மீளுமா என்னும் நான்கினையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டாற் போதும்.

பல்கலைக்கழகத்தார்க்கு வேறொரு வழியும் உண்டு. பிறநாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகங்களிலே ஆங்கிலத்தில் வெளியிடுவது அது. புலமை மதிப்பீடும் உலகளாவிய நூலகப் பரவலும் அவ்வழியிற் கிட்டும். பேராசிரியர் க. கைலாசபதியின் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் கிளாரண்டன் அச்சகத்தால் வெளியிடப்பட்டு, தமிழியலாய்வின் போக்கையே மாற்றியது. ஆயின் அது முழுமையாகத் தமிழ் வடிவம் பெற்று நூலாக வெளிவர ஏறத்தாழ நான்கு தசாப்தங்கள் சென்றன. இவ்வழியை நாடுவோர் தமிழாக்க உரிமையை முற்கூட்டியே தம்மிடம் ஒதுக்கி வைத்துக் கொள்வாராயின், அடுத்த தலைமுறைத் தமிழ் மாணவன் அத்தனை காலம் காத்திருக்க நேராது.

சங்கங்கள், ஊர் மன்றங்கள், புலம்பெயர்ந்தோர் அமைப்புகள் ஆகியவற்றின் ஆதரவில் வெளியிடுவதும் உண்டு. பிரதேச வரலாறு, நாட்டார் வழக்காறு போன்றவற்றுக்கு இதுவே சிறந்த வழி எனத் துணிந்து கூறலாம். அவற்றின் வாசகர் எங்கே உள்ளனர் என்பது சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலேயே இருக்கின்றது. முன்பதிவு செய்து பணம் சேர்த்த பின்னர் அச்சிடுவதும் அங்கே இயலும். ஆதரவாளரின் புகழுரை நூலின் முதற் பதினாறு பக்கங்களையும் விழுங்கிவிடாமற் பார்த்துக் கொள்வது ஆசிரியரின் சாமர்த்தியத்தைப் பொறுத்தது.

எவ்வழியிற் சென்றாலும் பிரதிகள் பல இடங்களிற் பரந்திருத்தல் என்பது நமக்கு வெறும் விற்பனை விடயமன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. வேறிடத்திற் பிரதியுள்ள நூல்களை மீண்டும் தேடிப் பெற முடிந்தது. இல்லாதவை அன்றோடு இல்லாமற் போயின. எனவே தேசிய நூலகத்தினூடாக ஐ. எஸ். பி. என். எனப்படும் சர்வதேச நியம நூல் எண்ணைப் பெறுவதையும், அச்சகத்தார் சட்டப்படி ஒப்படைக்க வேண்டிய பிரதிகளை உண்மையிலேயே ஒப்படைத்தனரா என விசாரிப்பதையும் வெறும் அலுவலகச் சடங்குகளாகக் கருதலாகாது. அவ்வொப்படைப்பினாற் பிரதி பெறும் நூலகங்களுள் பேராதனைப் பல்கலைக்கழக நூலகமும் ஒன்று. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்குக் கோப்பை வழங்கினால் விற்பனை குன்றும் என அஞ்சுவோர் உளர். மேலே காட்டிய கணக்கின்படி 300 பிரதிகளில் இழப்பதற்கு இலாபம் என ஒன்றில்லை. அச்சத்தை விட முடியாதவர் நூல் வெளிவந்து இரண்டு ஆண்டுகள் கழித்தேனும் அக்கோப்பை வழங்கலாம். அதுவரை அதனை ஒரே கணினியில் மட்டும் வைத்திராது, வேறோர் ஊரிலுள்ள நண்பர் ஒருவரிடமும் கொடுத்து வைத்தல் நன்று.